நிறுத்தச் சொன்னால் காரணம் கேட்காதீர்கள்

கேள்வி:

வணக்கம். நான் டொராண்டோவில், ஸ்கார்பரோ பக்கம் இருக்கிறேன். சொந்த ஊர் திருச்சி. ஐந்து நண்பர்கள் சேர்ந்து சனிக்கிழமை இரவுகளில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். ஆளுக்கொரு கேரக்டராகப் பேசி, பகடை போட்டுக் கதையை நகர்த்தும் ரோல்பிளேயிங் ஆட்டம் அது. கதையை நடத்தும் ஜி.எம். (கேம் மாஸ்டர்) நான்தான். எல்லோரும் தமிழர்கள், ஆட்டமும் பாதி தமிழில்தான் ஓடும். இந்த வருஷம் புதுக் கேம்பெயின் (பல வாரம் ஓடும் தொடர்கதை) தொடங்கினேன். ஒரு துறைமுக நகரத்தைப் பிணப்படை முற்றுகையிடுகிறது, கேரக்டர்கள் உள்ளே மாட்டிக்கொள்கிறார்கள். 2022ல் ரஷ்யப் படை முற்றுகையிட்ட உக்ரைன் நகரம் மரியுபோல் பற்றிய செய்திகளைப் படித்தபோது மனதில் விழுந்த கதை.

மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை ஒரு காட்சி வைத்தேன். எல்லோரும் மண்ணுக்குள் வெட்டிய பங்கரில் இருக்கிறார்கள். கூட மூன்று குழந்தைகள். வெளியே நெருப்புக் குண்டுகள் விழுகின்றன. ஒன்று வாசலிலேயே விழுகிறது. எந்தக் குழந்தை பிழைக்கும் என்று பகடை போடச் சொன்னேன். அப்போது குகன் அண்ணாவின் முறை (பெயரை மாற்றியிருக்கிறேன்). அவர் எங்களைவிட மூத்தவர், வன்னியிலிருந்து வந்தவர். அதற்கு மேல் நான் கேட்டதில்லை. அவர் சிரித்தார், ஏதோ ஜோக் அடித்தார், பகடையையும் உருட்டினார். அப்புறம் சிகரெட் பிடிக்கப் பால்கனிக்குப் போனவர் அரைமணி நேரம் உள்ளே வரவில்லை. அடுத்த வாரம், "கொஞ்சம் வேலை கிடக்கு, நீங்கள் ஆடுங்கோ" என்று மெசேஜ். அதற்கடுத்த வாரமும் அதே.

கதையையே தூக்கிப் போட்டுவிடவா? என்ன ஆயிற்று என்று அவரிடம் கேட்கலாமா? அவருடைய கேரக்டர் அந்தக் குழந்தைகளைக் காப்பாற்றுவதுபோல் அடுத்த செஷனை எழுதினால் அவருக்கு ஆறுதலாக இருக்குமா? ஒரு நண்பர், "விளையாட்டுதானே, இதுக்குப் போய்" என்கிறார். எக்ஸ் கார்டு என்று ஒன்று இருக்கிறதாமே, அதெல்லாம் நம் ஆட்களுக்கு ஒத்துவருமா?

— பெயர் வேண்டாம், டொராண்டோ

பதில்:

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மீதியைப் படிப்பதற்குள் நீங்கள் அவருக்கு ஃபோன் போட்டுவிடக் கூடாது. கேட்காதீர்கள். "என்ன ஆச்சு அண்ணா, பழசு ஏதாவது ஞாபகம் வந்துடுச்சா?" என்ற கேள்வி அக்கறையில் பிறந்ததுதான். ஆனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் அவர் ஒன்று பொய் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் யாரிடமும் சொல்லாததை ஃபோனில் உங்களிடம் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து போகும் நம் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஈழத்தவர் ஒருவரோடு அறிமுகமாகி அரைமணி நேரம் ஆகியிருக்காது, "நீங்க நேர்ல பாத்தீங்களா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். நீங்கள் இத்தனை நாளும் கேட்காமல் இருந்திருக்கிறீர்கள். அதை இப்போது கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

தேதியை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். என் கண்ணில் முதலில் பட்டது அதுதான். மே 18 முள்ளிவாய்க்கால் நினைவு நாள். அந்த நாளில் முடியும் வாரத்தைத் தமிழின அழிப்பு பற்றிய கல்வி வாரமாக உங்கள் ஒன்டாரியோ மாகாணம் 2021ல் சட்டம் போட்டே அறிவித்திருக்கிறது. கஞ்சி காய்ச்சிக் கொடுத்து நினைவுகூரும் நாட்கள் அவை. அந்த நாட்களை ஒட்டிய ஒரு சனிக்கிழமையில்தான் உங்கள் பங்கர் காட்சி வந்திருக்கிறது. குகனுக்கு உள்ளே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, உங்கள் கடிதத்தை வைத்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. நிஜமாகவே வேலை இருந்திருக்கலாம். ஆனால் ஐந்து தமிழர்கள் உட்காரும் மேசையில், அதுவும் ஸ்கார்பரோவில், மே மாதத்தில் ஒரு முற்றுகைக் கதை ஓடினால் அது மரியுபோலோடு மட்டும் நிற்காது.

இப்போது அந்தக் காட்சிக்கே வருவோம். போர் என்பது கொடிய விஷயம், ஆகவே போரைத் தொடாமல் இருந்தால் போதும் என்று நினைத்துவிட வேண்டாம். நான் பார்த்தவரை மனிதர்களைத் தலைப்பு அடிப்பதைவிடச் சின்ன விவரம்தான் அதிகம் அடிக்கிறது. போரில் பிழைத்தவர் போர்ப் படத்தை முழுதாகப் பார்த்துவிட்டு எழுந்து போவார், அதே ஆள் ஈர மண் வாசனையில் தடுமாறுவார். உங்கள் காட்சியில் இருந்த பிணப்படையும் நெருப்புக் குண்டும் கற்பனை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் பகடை? யார் பிழைப்பார் என்பது தற்செயல், முடிவைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை என்பதுதான் அந்தப் பகடையின் அர்த்தம். உங்களுக்கு அது விறுவிறுப்புக்கான ஒரு விதி. அப்படி ஓர் இடத்தில் நிஜமாகவே உட்கார்ந்திருந்த ஒருவரின் கையில் அதைக் கொடுத்து, குழந்தைகளுக்காக உருட்டச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் நண்பரின் "விளையாட்டுதானே" என்ற பேச்சுக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. சினிமாவில் கஷ்டமான காட்சி வந்தால் கண்ணை மூடிக்கொள்ளலாம், எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். படம் உங்களுக்காகக் காத்திருக்காது, உங்களை எதுவும் கேட்கவும் செய்யாது. ரோல்பிளேயிங் ஆட்டத்தில் ஜி.எம். உங்கள் முகத்தைப் பார்த்து "நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்கிறார். "நான் கதவைத் திறக்கிறேன்", "நான் குழந்தையைத் தூக்குகிறேன்" என்று தன் வாயால் சொன்னால்தான் கதை நகரும். கேரக்டரின் உணர்ச்சி ஆடுபவருக்குள்ளும், ஆடுபவருடையது கேரக்டருக்குள்ளும் கசிவதை இந்தத் துறையில் 'ப்ளீட்' என்பார்கள். எமிலி கேர் பாஸ் என்ற ஆட்ட வடிவமைப்பாளர் 2007ல் பேசத் தொடங்கிய கருத்து அது. அந்தக் கசிவுக்காகத்தான் பலர் ஆடவே வருகிறார்கள் என்பதால் அது கெட்டது என்று சொல்ல மாட்டேன். அது நடக்கும் என்று தெரிந்து ஆட வேண்டும், அவ்வளவுதான்.

குகன் சிரித்தார், ஜோக் அடித்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். "அப்போ நல்லாத்தானே இருந்தார்" என்ற குழப்பம் அந்த வரியில் தெரிகிறது. 2020ல் இணையத்தில் நேரலையாக ஓடிய, பலர் பார்த்த ஒரு ஆட்டத்தில், அனுபவமுள்ள ஜி.எம். ஒருவர் கூட ஆடிய ஒரு பெண்ணின் ரோபோ கேரக்டர்மீது பாலியல் வன்முறைக்கு ஒப்பான காட்சி ஒன்றை முன்னறிவிப்பில்லாமல் நடத்தினார். மேசையில் இருந்தவர்களின் சங்கடம் திரையில் தெரிந்தது, ஆனாலும் காட்சி முடியும்வரை ஓடியது. யாரும் எழுந்து கத்தவில்லை. பிறகுதான் அந்தப் பெண் வெளியேறினார், நிகழ்ச்சியும் நின்றது. மாட்டிக்கொண்ட மனிதர் அந்த நேரத்தில் செய்வது பெரும்பாலும் சமாளிப்புதான், எதிர்ப்பு அப்புறம்தான் வரும். மேசையில் எல்லோரும் தம்பிகளாக இருந்து, தான் ஒருவர் மட்டும் அண்ணாவாக இருக்கும்போது சமாளிப்பு இரண்டு மடங்கு. "எனக்கு இது வேண்டாம்" என்று உங்கள் முன்னால் சொல்வதைவிட அரைமணி நேரம் பால்கனியில் நிற்பது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. பதினைந்து நிமிஷத்தில் நீங்கள் ஆட்டத்தை நிறுத்தி எல்லோருக்கும் டீ போட்டிருக்கலாம்.

குழந்தைகளைக் காப்பாற்றும் செஷனுக்கு என் பதில்: தயவுசெய்து வேண்டாம். உங்கள் நல்லெண்ணம் புரிகிறது. ரோல்பிளேயிங்கை மனநல சிகிச்சையில் பயன்படுத்தும் ஆட்கள் இருக்கிறார்கள்தான். ஆனால் அங்கே வருபவர் சிகிச்சைக்கு என்று தெரிந்து வருகிறார், நடத்துபவர் அதற்குப் படித்தவர், நடுவில் உடைந்தால் என்ன செய்வது என்ற திட்டமும் கையில் இருக்கும். நீங்கள் சொல்வது அவரைக் கேட்காமல் அவர் காயத்துக்கு மருந்து போடுவது. அவருக்கு யாரைக் காப்பாற்ற முடியாமல் போனது என்று உங்களுக்குத் தெரியாது, யாரையாவது அப்படி இழந்தாரா என்பதே தெரியாது. கற்பனையில் காப்பாற்றிய கையோடு, நிஜத்தில் முடியாமல் போனது இன்னும் கனமாக வந்து உட்காரவும் கூடும். நீங்கள் அவருக்கு நண்பர், ஜி.எம். அந்த இரண்டு வேலையே போதும்.

சரி, அப்படியானால் என்னதான் செய்வது? ஒரு மெசேஜ் அனுப்புங்கள். நேரில் வேண்டாம், ஃபோனும் வேண்டாம். எழுத்தில் இருந்தால் அவர் முகத்தைச் சரிசெய்துகொள்ள நேரம் கிடைக்கும். கிட்டத்தட்ட இப்படி இருக்கலாம்:

"அண்ணா, அன்றைக்கு அந்தப் பங்கர் காட்சியை யாரையும் கேட்காமல் கொண்டுவந்துவிட்டேன், அது என் தப்பு. நீங்கள் எதையும் விளக்க வேண்டாம். கதையில் மூன்று மாதம் தாவிப் போய் முற்றுகைக்கு அப்பால் கடல் பயணமாகத் தொடரலாம் என்று இருக்கிறேன். இல்லாவிட்டால் புதுக் கதை. எது உங்களுக்கு ஓகே? இரண்டும் வேண்டாம் என்றாலும் பிரச்சினை இல்லை, ஆட்டம் இல்லாத ஒரு நாளில் சாப்பிட வாருங்கள்."

இதில் ஒன்றைக் கவனியுங்கள். "நீங்கள் என்ன சொன்னாலும் செய்கிறேன்" என்று எழுதவில்லை. பெருந்தன்மையாகத் தோன்றும் வாக்கியம்தான், ஆனால் முழுப் பாரத்தையும் அவர் தலையில் வைத்துவிடும். நாலு பேர் மாதக்கணக்கில் ஆடிய கதையைத் தன்னால் நிறுத்த வேண்டியதாயிற்றே என்று அவர் வருந்துவார், வருந்தாமல் இருக்க "ஒரு பிரச்சினையும் இல்லை, ஆடுங்கோ" என்று எழுதிவிட்டு வராமலே இருந்துவிடுவார். முடிவெடுத்தவர் நீங்கள் என்று தெரிய வேண்டும். அவர் தேர்ந்தெடுக்க மட்டும் செய்யட்டும். அந்தக் கடைசி வரியையும் வெட்டிவிடாதீர்கள்.

இனி எக்ஸ் கார்டு. ஜான் ஸ்டாவ்ரோபுலோஸ் என்பவர் 2013ல் பரப்பிய யோசனை. ஒரு அட்டையில் பெரிதாக எக்ஸ் எழுதி மேசை நடுவில் வைப்பார்கள். ஓடும் காட்சி யாருக்காவது வேண்டாம் என்றால் அட்டையைத் தொட்டால் போதும், அந்த விஷயத்தை நீக்கிவிட்டு ஆட்டம் நகரும். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது, அவரும் சொல்ல வேண்டியதில்லை. இதன் உயிரே அந்தக் கேட்கக் கூடாது என்பதில்தான் இருக்கிறது. இதைப் போய் வெள்ளைக்காரர்களின் மென்மை என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சிரிப்புதான். தெருவில் ஓடிப்பிடித்து ஆடும்போது ஒரு பிள்ளை "அம்பேல்" என்றால் துரத்தும் பிள்ளை நின்றுவிடும். முள் குத்தியதா, மூச்சு வாங்குகிறதா, அம்மா கூப்பிட்டாளா என்று யாரும் விசாரணை வைத்ததில்லை. ஆறு வயதில் நமக்கு ஒத்துவந்தது இப்போதும் ஒத்துவரும்.

ஆனால் உங்கள் சந்தேகத்தில் நியாயமும் இருக்கிறது. அட்டையை வாங்கி வைத்துவிட்டால் நம் ஆட்கள் தொடுவார்களா? மாட்டார்கள். தொட்டால் எல்லோரும் நம்மையே பார்ப்பார்கள், வீட்டுக்காரர் இவ்வளவு சமைத்து வைத்திருக்கிறார், ஆட்டத்தைக் கெடுத்தவன் என்ற பெயர் எதற்கு? அதனால் முதலில் தொட வேண்டியவர் நீங்கள். முதல் செஷனிலேயே, சாதாரண விஷயத்துக்கு. ஒருவர் சிலந்தியின் கால்களை ரசித்து ரசித்து வர்ணிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்டையைத் தட்டி, "சிலந்தி வேண்டாம்பா, தேளாக்கிடு" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுங்கள். அது இரண்டு மூன்று முறை சும்மா நடந்தால் ஒரு நாள் நிஜமாகத் தேவைப்படும்போதும் கை போகும். அட்டை கூச்சமாக இருந்தால் ஷூட்டிங்கில் சொல்வதுபோல் "கட்" என்று சொல்லிப் பழகுங்கள். டேப் ரெக்கார்டர் கணக்காக ரீவைண்ட், ஃபாஸ்ட் ஃபார்வர்ட் என்று கேட்கும் 'ஸ்கிரிப்ட் சேஞ்ச்' முறையும் உண்டு. வடிவம் எதுவானாலும் சரி, நிறுத்துவதற்குச் செலவு ஆகக் கூடாது.

இதெல்லாம் காட்சி வந்தபிறகு கை கொடுப்பவை. வருவதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. ரான் எட்வர்ட்ஸ் என்ற ஆட்ட வடிவமைப்பாளர் 2003ல் ஒரு நூலில் எழுதிய 'லைன்ஸ் அண்ட் வெய்ல்ஸ்' முறை. கோடு என்றால் அந்த விஷயம் நம் கதையில் இல்லவே இல்லை. திரை என்றால் கதையில் நடக்கும், ஆனால் காட்டமாட்டோம். "இரவு முடிந்தது, காலையில் மூன்று பேர் இல்லை" என்று சொல்லித் தாண்டிவிடுவோம். கேம்பெயின் தொடங்கும் முன் 'செஷன் ஜீரோ' என்று ஒரு நாள் உட்கார்ந்து இதை முடிவு செய்வார்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளியீட்டாளர்களே 2020ல் வந்த ஒரு துணைநூலில் செஷன் ஜீரோவுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், ஆகவே ஏதோ ஓரத்துச் சமாச்சாரம் இல்லை இது.

உங்கள் மேசைக்கு ஒரு திருத்தம் மட்டும் சொல்வேன். எல்லோரும் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கோடு சொல்லும் முறை வேண்டாம், வாட்ஸ்அப் குரூப்பிலும் வேண்டாம். குரூப்பில் முதலில் ஒருவர் "எனக்கு எதுவும் பிரச்சினை இல்ல" என்று போடுவார், அதன்கீழ் வரிசையாகக் கட்டைவிரல்தான் விழும். தனித்தனியாக உங்களுக்கு மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் எல்லாவற்றையும் சேர்த்து, உங்களுடையதையும் கலந்து, பெயர் இல்லாத ஒரே பட்டியலாகப் போடுங்கள். 2019ல் மான்டி குக் கேம்ஸ் என்ற ஆட்டப் பதிப்பகம் இலவசமாக வெளியிட்ட ஒரு சிறு நூலில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று குறிக்கும் படிவம் இருக்கிறது, அதையும் எடுத்துக்கொள்ளலாம். "விளையாட்டுதானே" நண்பரையும் கட்டாயம் நிரப்பச் சொல்லுங்கள். இப்படிப் பேசுகிறவர்களிடம் தனியாகக் கேட்டால், நாய் சாகும் காட்சி மட்டும் வேண்டாம் என்பதுபோல் ஒன்று வெளியே வரும். வரட்டும், அதையும் கேலி செய்யாமல் பட்டியலில் சேருங்கள்.

இவ்வளவு செய்தாலும் எல்லாவற்றையும் தடுத்துவிட முடியாது. தன்னை எது அடிக்கும் என்று பலருக்கு அடி விழும்வரை தெரியாது. பட்டியலில் 'போர் பரவாயில்லை' என்று எழுதியவரே பகடையைக் கையில் வாங்கும்போது உறைந்து போகலாம். ஆகவே நடுநடுவே இடைவேளை விடுங்கள், முடிந்ததும் பத்து நிமிஷம் கதையைப் பற்றி இல்லாமல் சும்மா பேசிவிட்டுப் பிரியுங்கள்.

முதல் கேள்வி, கதையைத் தூக்கிப் போடவா என்பது. கனமான கதையே ஆடக் கூடாது என்று நான் நினைக்கவில்லை. ஜேசன் மார்னிங்ஸ்டார் வடிவமைத்த 'க்ரே ராங்க்ஸ்' என்ற ஆட்டம் 2007ல் வந்தது. போலந்துத் தலைநகர் வார்சாவில் நாஜிகளை எதிர்த்து 1944 ஆகஸ்ட் 1ல் தொடங்கி 63 நாள் நீடித்த எழுச்சியில் சேர்ந்த பதின்வயதுப் பிள்ளைகளாக ஆட வேண்டும். எழுச்சி தோற்றுப்போகும் என்பது ஆடுகிறவர்களுக்குத் தெரியும், தெரிந்தேதான் உட்காருகிறார்கள். அது 2008ல் ஆட்டத் துறைக்கான டயானா ஜோன்ஸ் விருது பெற்றது. உங்கள் மேசையில் நடந்ததற்கும் அதற்கும் இருக்கும் தூரம் கதையின் கொடுமையில் இல்லை. டிராகன் கதைக்கு என்று சனிக்கிழமை வந்த மனிதர் பங்கருக்குள் இறக்கிவிடப்பட்டார்.

நிஜச் சம்பவத்தைக் கதைக்கு எடுப்பதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. ரஷ்யாவின் செச்சினியாவில் ஓரினச்சேர்க்கையாளர்களைப் பிடித்துச் சித்திரவதை செய்த கொடுமையை, அது ரத்தக் காட்டேரிகளை மறைக்கப் போட்ட நாடகம் என்பதுபோல் 'வாம்பயர்' ஆட்டத்தின் ஒரு நூல் 2018ல் எழுதியது. கண்டனம் வெடித்து, பதிப்பாளர்கள் மன்னிப்புக் கேட்டு அந்தப் பகுதியை நீக்க வேண்டியதாயிற்று. அதனோடு ஒப்பிட்டால் உங்கள் பிணப்படை எவ்வளவோ மேல். ஆனாலும் மரியுபோலில் குண்டு விழுந்த நாடக அரங்கின் வெளியே தரையில் 'குழந்தைகள்' என்று பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள் என்பதை நீங்களும் படித்திருப்பீர்கள். அந்தச் செய்தியிலிருந்து முற்றுகையின் நெருக்கடியை எடுத்துக்கொள்ளுங்கள், குழந்தைகளை விட்டுவிடுங்கள். குறைந்தபட்சம், அவர்கள் உயிருக்குப் பகடை போடாதீர்கள்.

என் யோசனை மூன்று மாதத் தாவல்தான். முற்றுகை எப்படி முடிந்தது என்பதை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டுக் கப்பலில் தொடங்குங்கள். அந்தப் பகடையில் விழுந்த எண்ணை யாரும் எடுத்துப் பேச வேண்டாம். மற்ற மூவருக்கும் "போன காட்சியை நான் சரியாகக் கையாளவில்லை, அதனால் கதையை நகர்த்துகிறேன்" என்பது போதும். குகன் பெயர் அதில் வரவே கூடாது.

அவரிடமிருந்து பதில் வராவிட்டால் இரண்டாவது மெசேஜ் அனுப்பி நெருக்காதீர்கள். வேறு ஏதாவதற்குக் கூப்பிடுங்கள், கிரிக்கெட் பார்க்க, வீடு மாற்றச் சாமான் தூக்க. தூக்கம் வரவில்லை, வேலைக்குப் போக முடியவில்லை என்று அவராகவே சொன்னால் குடும்ப மருத்துவரிடம் கூடவே போய் வாருங்கள், விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். அவருடைய கேரக்டரை மட்டும் கதையில் கொன்றுவிடாதீர்கள், வேறு யாரிடமும் ஆடவும் கொடுக்காதீர்கள். வேறொரு கப்பலில் வடக்கே போயிருக்கிறார் என்று சொல்லி, கேரக்டர் ஷீட்டை உங்களிடமே வைத்திருங்கள்.